பிரதான ஆசாரியனின் அங்கியில் கிறிஸ்துவைத் தேடலாமா?

ஒலிவமரம்:
அடுத்த வாரம் வாலிபர் கூட்டத்தில் யாத்திராகமம் 28 எனக்கு வந்திருக்கிறது, இஸ்ரவேலின் முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் உடைகள். குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் பாருங்கள். ஏபோத்தில், அதாவது அங்கிமேல் போடும் மேலுடையில், பொன் தேவத்துவம், இளநீலம் பரலோகம், இரத்தாம்பரம் (ஊதா) ராஜரிகம், சிவப்பு சிலுவையின் இரத்தம், மெல்லிய பஞ்சுநூல் குற்றமில்லாத மனுஷீகம். அங்கி ஓரத்தில் மாறி மாறி வரும் பொன்மணியும் மாதளம்பழமும் சுவிசேஷ சத்தமும் ஆவியின் கனியும். திரைக்கு உள்ளே இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்தில் மணிச்சத்தம் நின்றால் ஆசாரியன் செத்துவிட்டான் என்று அர்த்தம், காலில் கட்டிய கயிற்றைப் பிடித்து வெளியே இழுப்பார்கள். நம் ஆசாரியருக்குக் கயிறு தேவைப்படவில்லை. கடைசியில் இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியன் காய்பா. லேவியராகமம் 21:10 பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழிக்கக் கூடாது என்கிறது, அவன் கிழித்தான், பழைய ஆசாரியத்துவம் அதோடு முடிந்தது. இயேசுவின் தையலில்லாத அங்கியைச் சேவகர் கிழிக்கவில்லை. எப்படி?

சந்தேகத்தோமா:
பிரதர், கயிற்றை முதலில் அவிழ்த்துவிடுங்கள். வேதத்தில் எங்கேயும் கயிறு இல்லை. யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பாவநிவாரண நாளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, ஆசாரியன் எத்தனை முறை குளித்தான் என்பது வரைக்கும் சொல்கிறது, அதிலும் இல்லை. கயிறு வருவது ஸோஹரில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிவந்த யூத மறைஞான நூல். அதைவிடப் பெரிய சிக்கல், வருஷத்துக்கு ஒரு நாள் திரைக்கு உள்ளே போகும்போது அவன் மணி அங்கியே போடவில்லை. லேவியராகமம் 16:4 படியுங்கள், வெறும் வெள்ளைச் சட்டை, சல்லடம், இடைக்கச்சை, பாகை. இல்லாத மணி எப்படி நிற்கும்?

நான் சிறுவயதிலிருந்து இந்தக் கயிற்றைக் குறைந்தது பத்துப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், ஒருவர் கூட வசனம் சொன்னதில்லை.

ஒலிவமரம்:
சரி, கயிறு போகட்டும், அது யாரோ சொல்லிக் கேட்டதுதான், தேடிப் பார்க்காதது என் தப்பு. ஆனால் வெள்ளை உடை என்று நீங்கள் சொன்னது எனக்குத்தான் உதவுகிறது. மகிமையைக் கழற்றி வைத்துவிட்டு எளிய உடையில் பாவநிவிர்த்தி செய்கிறான், முடித்த பின் குளித்துவிட்டு மறுபடி தன் வஸ்திரங்களை உடுத்துகிறான். தம்மை வெறுமையாக்கித் தாழ்த்தின கிறிஸ்துவைத் தேவன் உயர்த்தினார் என்ற பிலிப்பியர் 2 அப்படியே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

சந்தேகத்தோமா:
பார்த்தீர்களா, எதைக் கொடுத்தாலும் பொருந்துகிறது! மணி இருந்தால் சுவிசேஷம், இல்லாவிட்டால் தாழ்மை. இந்த முறையில் தப்பான விடையே வராது, என் சங்கடம் அதுதான். மணிகளின் எண்ணிக்கையையே எடுங்கள். யாத்திராகமம் எண் சொல்லவில்லை. 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி 12 மணி என்கிறார், 12 அப்போஸ்தலராம். அலெக்சாந்திரியா கிளெமந்து 360 என்கிறார், வருஷத்தின் நாட்களாம். மிஷ்னாவை விளக்கும் யூத நூலான தல்மூதில் 72. அர்த்தத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மணியை அப்புறம் எண்ணியது மாதிரி இருக்கிறது.

இயேசு காலத்திலேயே வாழ்ந்த யூதரான பிலோவுக்கு அந்த அங்கி ஆகாயம், 12 கற்கள் ராசி மண்டலம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸுக்கு மணி இடி, மாதுளை மின்னல், தோள்மேல் இருக்கும் இரண்டு கற்கள் சூரியனும் சந்திரனும். அதே துணி, வேறு வேறு கதை.

நூல்கண்டு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எங்கள் வீட்டில் தறி இருந்ததால் இந்த அதிகாரத்தை நான் துணியாகத்தான் படிப்பேன். 'பஞ்சுநூல்' என்றதும் நமக்குப் பருத்தி ஞாபகம் வருகிறது, லேவியராகமத்தில் 'சணல்நூல்' என்றதும் கோணிப்பை ஞாபகம் வருகிறது, இரண்டும் இல்லை, அது ஆளிச்செடியின் நார். ஆளி நாரில் சாயம் சரியாகப் பிடிக்காது. அதனால் இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும் ஆட்டுமயிர் நூலாகத்தான் இருந்திருக்கும், யூத மரபும் அப்படித்தான் சொல்கிறது. முதல் இரண்டின் சாயம் கடல் நத்தையிலிருந்து, சிவப்பு ஒரு பூச்சியிலிருந்து. பொன்னைத் தகடாக அடித்து இழையாக நறுக்கி நம் சரிகை மாதிரி ஊடே விட்டிருக்கிறார்கள் (39:3).

இதில் கவனிக்க வேண்டியது, ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த துணி சாதாரண இஸ்ரவேலனுக்குத் தடை, உபாகமம் 22:11. தேவனைத் தொழ மோசே காலத்தில் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் உள் திரைச்சீலைகளும் இதே நான்கு நூல்தான், அதிகாரம் 26. அதாவது பிரதான ஆசாரியன் கூடாரத்தையே உடுத்திக்கொண்டு நிற்கிறான்! ஊரில் சாதாரண ஆள் போட முடியாத துணி. நெசவு தெரிந்தவன் பார்த்த உடனே புரிந்துகொண்டிருப்பான். நிறத்துக்கு ஒன்றாக அர்த்தம் பிரித்தால், சேர்த்து நெய்ததை நாமே பிரித்துப் போடுகிறோம்.

ஒலிவமரம்:
சிஸ்டர், கூடாரத்தை உடுத்தியவன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். யோவான் 1:14க்கு நேராகப் போகிறது, வார்த்தை நம்மிடையே கூடாரமிட்டது என்றுதானே கிரேக்கத்தில் இருக்கிறது. தோமா பிரதர், இந்த முறையை நாங்கள் பிற்பாடு கண்டுபிடிக்கவில்லை. வெளிப்படுத்தல் 1:13இல் இயேசு நிலையங்கி தரித்து நிற்கிறார், அந்த இடத்தின் கிரேக்கச் சொல்லைத்தான் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து யாத்திராகமம் 28:4இல் ஆரோனின் அங்கிக்குப் போடுகிறது. யோவான் தெரிந்தேதான் எழுதுகிறார்.

சந்தேகத்தோமா:
அது நல்ல வாதம், மறுக்க மாட்டேன். ஆனால் யோவான் உடையைப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார், நூல் நூலாக விளக்கவில்லை. இயேசுவைப் பிரதான ஆசாரியர் என்று முழு நிருபமாக எழுதின எபிரெயர் ஆசிரியரோ ஏபோத்தைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. அவருக்கு வேண்டியது ஆபிரகாம் காலத்து ஆசாரிய ராஜாவான மெல்கிசேதேக்கு, ஆரோன் அல்ல. நம் ஆண்டவர் யூதா கோத்திரம், அந்த உடையைத் தொடவே உரிமை இல்லாத கோத்திரம், அதை 7:14இல் அந்த ஆசிரியரே சொல்கிறார்.

காய்பா விஷயமும் ஆடுகிறது. அந்தக் காலத்தில் பிரதான ஆசாரியனின் உடைகள் அவன் கையிலேயே இல்லை. எருசலேம் ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் ரோமர் பூட்டி வைத்திருந்தார்கள், பண்டிகைக்கு முன் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பின் வாங்கிக்கொள்வார்கள். சீரியாவின் ஆளுநர் விதேல்லியு கி.பி. 36 வாக்கில்தான் திருப்பிக் கொடுத்தார், யோசேபஸ் எழுதியிருக்கிறார். பண்டிகைக்குக் கைக்கு வந்திருந்தாலும் அது ஆலயத்துக்குள் ஊழியத்துக்குப் போடுவது, இராத்திரி வீட்டு விசாரணையில் உடுத்திக்கொண்டு உட்காருவதல்ல. காய்பா கிழித்தது தன் சொந்த உடுப்பை.

நூல்கண்டு:
தோமா அண்ணன் ஒரேயடியாகச் சாய்க்கிறார். தல்மூதிலேயே ஒவ்வொரு உடைக்கும் ஒரு பாவநிவிர்த்தி சொல்லியிருக்கிறார்களே, மணி அங்கி புறங்கூறுதலுக்கு, சத்தத்தால் வந்த பாவத்துக்குச் சத்தம் போடும் உடை. பாகை பெருமைக்கு. அர்த்தம் தேடுவது கிறிஸ்தவர்களின் நோய் மட்டும் அல்ல.

மூல வசனமும் சும்மா இல்லை. தோளில் இரண்டு கல், கல்லுக்கு ஆறு கோத்திரத்தின் பேர். மார்பில் 12 கல், கல்லுக்கு ஒரு பேர். ஞாபகக்குறியாக என்று காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஜனங்களைத் தோளிலும் நெஞ்சிலும் சுமந்துகொண்டு உள்ளே போகிறான், இதற்கு வியாக்கியானமே வேண்டாம்.

சந்தேகத்தோமா:
அதை ஒத்துக்கொள்கிறேன். அதைப் பிரசங்கித்தால் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

ஒலிவமரம்:
அப்படியானால் தோளும் மார்பும் முதலில், அப்புறம் கூடாரத் துணி, அப்புறம் வெள்ளை உடை. கயிறு கிடையாது, மணி எண்ணிக்கை கிடையாது. நிறங்களை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன், அதற்கு மேல் குறைக்கச் சொல்லாதீர்கள். காய்பாவை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. சொந்த உடுப்பாகவே இருக்கட்டும், லேவியராகமம் 'தன் வஸ்திரங்களை' என்றுதானே சொல்கிறது, பரிசுத்த வஸ்திரம் என்று இல்லையே?

சந்தேகத்தோமா:
...அந்த வசனத்தை மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன்.