கடையில் பார்த்த மூன்று அடுக்குப் பாவாடையை வீட்டில் தைக்கலாமா?

கொக்குவில்_பிள்ளை:
போன கிழமை டவுனில் ஒரு உடுப்புக்கடையில் பார்த்தேன், கடும் நீலத்தில் சின்ன வெள்ளைப் பூ, நடந்தால் அலை மாதிரி ஆடுகிறது. போட்டுப் பார்க்கும் அறையில் உள்பக்கம் புரட்டினேன். இடுப்பில் இலாஸ்டிக், சிப் இல்லை, லைனிங் இல்லை, நேர்த்துண்டுகளைச் சுருக்கிப் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விலைதான் வாங்க விடவில்லை. வீட்டில் அம்மாவின் கால் மெசின் இருக்கிறது. போன வருடம் பொப்ளினில் ஒன்று தைத்தேன், குடை விரித்த மாதிரி நின்றது, ஒரு நாள்கூட உடுக்க மனம் வரவில்லை. ஹிப் 38, நீளம் 36 அங்குலம். என்ன துணி, எவ்வளவு எடுக்க வேண்டும்?

தையல்பெட்டி:
ரேயோன் எடுங்கள் தங்கச்சி. பொப்ளின் நெருக்கமாக நெய்த துணி, சுருக்கினால் விறைத்து நிற்கும். ரேயோன் தன் பாரத்திலேயே விழும், நீங்கள் ஆசைப்பட்ட அந்த ஆட்டம் துணியில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பட்டால் சுருங்கும், ஆகவே நனைத்துக் காயவிட்டு மினுக்கிய பிறகுதான் கத்திரிக்கோல் வைக்க வேண்டும். 45 அங்குல அகலத்தில் இரண்டரை மீற்றர் போதும். மேல் அடுக்குக்குத் துணியின் முழு அகலம் ஒன்று, நடுவுக்கு ஒன்றரை, கீழுக்கு இரண்டேகால், அதாவது ஒவ்வொன்றும் மேலே உள்ளதைப்போல ஒன்றரை மடங்கு. உயரத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டாம், 10, 12, 14 அங்குலம் என்று கீழே போகப் போகக் கூட்டினால்தான் வடிவு. தையலுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம், இலாஸ்டிக் மடிக்க மேலே இன்னும் இரண்டு. நடு அடுக்கில் அரைத்துண்டு மிஞ்சும், அதில் பொக்கற் வெட்டலாம்.

கொக்குவில்_பிள்ளை:
நன்றி அக்கா! நூறு அங்குலத்தைச் சுருக்க நினைத்தாலே பயமாக இருக்கிறது, போன முறை பாதியில் நூல் அறுந்து முழுதும் பிரிந்துபோனது.

இணுவில்_மாமி:
ஒரே இழுவையில் இழுத்திருப்பீர்கள் பிள்ளை, அதுதான். துண்டை நாலாகப் பிரித்துச் சோக்கால் அடையாளம் போட்டு, ஒவ்வொரு கால் பங்குக்கும் தனி நூலில், பெரிய தையலாக, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரி ஓட்டுங்கள். ஒரு முனையை முடிந்துவிட்டு அடியில் ஓடும் பொபின் நூல்களை மட்டும் மெதுவாக இழுங்கள். மேல் அடுக்கின் விளிம்பையும் நாலாகக் குறித்தால் அடையாளத்தோடு அடையாளம் சேர்த்து ஊசி குத்தலாம், சுருக்கு ஒரு பக்கம் குவியாது.

நான் மகளுக்கு என் பழைய வாயில் சீலையில், அதுதான் அந்த மெல்லிய பருத்திச் சீலையில், தைத்தேன், சீலைக் கரை கீழ் அடுக்கின் அடியில் வரும்படி வெட்டியதால் கரை மடிக்கும் வேலையே இல்லை. வெயிலில் கால் தெரியும், உள்பாவாடை கட்டாயம்.

கொக்குவில்_பிள்ளை:
சீலைக் கரை! அம்மாவிடம் பச்சைக் கரை வைத்த வாயில் ஒன்று சும்மா கிடக்கிறது மாமி. அப்போ ரேயோனில் முதல் ஒன்று, அது சரிவந்தால் நல்லூர்த் தேருக்கு முன் இதிலும் ஒன்று. துணி இப்போது கொடியில் காய்கிறது.