சூப்பா கடைக்காரர்களின் கணக்கேடு: எரித்தது சரியா?

பேரேடு:
1875 மே 12, புனே மாவட்டம் சூப்பா சந்தை. குடியானவர்கள் திரண்டு கடைக்காரர்களின் கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் பறித்து எரித்தார்கள். பத்திரத்தை எரித்தது புரிகிறது. கணக்கேட்டை எரித்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. தானியம் விற்று, கடனும் கொடுத்தவர்கள் அந்த ஊர்க் கடைக்காரர்கள். அன்றாட வரவு பற்றைச் சிவப்புத் துணி அட்டை போட்ட பஹி என்ற கணக்கேட்டில் எழுதி, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். தீபாவளிக்குப் புதுக்கணக்கு. எவ்வளவு ஒழுங்கான முறை!

மானாவாரி:
எழுதினது யாருங்க? ஒரே ஆள். கடன் வாங்கினவங்கள்ல பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது, கட்டின பணத்துக்கு ரசீதும் கிடையாது. அறுவடையில அளந்த தானியத்துக்கு என்ன விலை போட்டு வரவு வைக்கிறதுன்னு முடிவு பண்ணினதும் கடைக்காரர்தான். கலவரத்தை விசாரிச்ச கமிஷன் பார்த்த ஒரு வழக்கில 100 ரூபாய் கடனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல வட்டி. கூட்டல் சரியா இருந்தா கணக்கு நேர்மையாயிடுமா?

பேரேடு:
அந்த மாதிரி வட்டி ஏறிய வழி வேறு. 1859 காலவரையறைச் சட்டப்படி கடன் பத்திரம் 3 ஆண்டுதான் செல்லுபடியானது. வட்டி குவியாமல் தடுக்க வந்த சட்டம். கடைக்காரர்களோ 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பத்திரம் எழுதி வாங்கி, பாக்கி வட்டியை அசலாக்கிவிட்டார்கள். அநியாயம் நடந்தது அங்கேதான். 1872 சாட்சியச் சட்டம் 34-ஆம் பிரிவோ, கணக்கேட்டை மட்டும் காட்டி யார் தலையிலும் கடனைக் கட்ட முடியாது என்றது.

ஆவணப்பிரியை:
ரெண்டு பேருமே 1879 தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டத்தை விட்டுட்டீங்க. பத்திரத்தில் இருக்கும் தொகையை அப்படியே ஏற்காமல், கொடுக்கல் வாங்கலை ஆரம்பத்திலிருந்து விசாரிக்கச் சொன்ன சட்டம் அது. விசாரிக்கப் பழைய ஏடு வேண்டாமா?

மானாவாரி:
அதே சட்டம்தான் அக்கா, ரசீது கொடு, கேட்டா வருஷக் கணக்கு எழுதிக் கொடு, பாஸ்புக் கொடுன்னு கட்டாயப்படுத்துச்சு. ஏடு கடைக்குள்ளேயே பூட்டிக் கிடந்ததாலதானே இந்த விதியெல்லாம் தேவைப்பட்டுது? 1875-ல குடியானவங்க கையில ஒரு துண்டுச்சீட்டு கூட இல்ல. தகராறில்லாம பத்திரத்தைக் கொடுத்த இடங்கள்ல பெரும்பாலும் ஆள்மேல கை வைக்கலன்னு கமிஷனே சொல்லுது. அவங்க குறி காகிதம்தான். எனக்கு அதுல தப்பு தெரியல.

பேரேடு:
கோபத்தில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நாலு வருஷம் கழித்து அந்தச் சட்டம் வந்தபோது, எரிந்துபோன ஏட்டிலிருந்த கணக்கை எதைக்கொண்டு திறப்பது? குடியானவர் அளந்து கொடுத்த மூட்டைக்கு அதை விட்டால் எழுத்தில் வேறு சாட்சி உண்டா?

மானாவாரி:
அந்த மூட்டையை முழுசா வரவு வெச்சாங்கன்னு நீங்க நம்புறதுக்கு மட்டும், அந்த ஏட்டை விட்டா வேற என்னங்க இருக்கு?