புதுப்பிப்பு: பச்சையாக இருந்த டேஷ்போர்டும் நகராத கட்டணப் பக்கமும்

பினாங்கு, பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் அலுவலகச் சுவர்த் திரையில் கிராஃபானா டேஷ்போர்டு (கணினிச் சேவைகளின் நிலையை வரைபடங்களாகக் காட்டும் பலகை) எல்லாம் சரி என்று முழுக்கப் பச்சையாக இருந்த வேளையிலேயே, கட்டணப் பக்கம் நகரவில்லை என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்ததை இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன்.

காரணம் தெரிந்துவிட்டது. நாங்கள் கவனித்தது சராசரி மறுமொழி நேரத்தை, அதாவது பயனர் அனுப்பும் கோரிக்கைக்குப் பதில் வர ஆகும் சராசரி நேரத்தை மட்டுமே. 100 கோரிக்கைகளில் 98 கோரிக்கைகள் 100 மில்லிவினாடியில் முடிந்து, மீதி 2 கோரிக்கைகள் 10 வினாடி இழுத்தாலும், சராசரி 298 மில்லிவினாடி என்றே வரும். அந்த இருவரின் தவிப்பு கோட்டில் தெரியவே தெரியாது. 99ஆம் சதமானத்துக்கு (100 கோரிக்கைகளில் 99 எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்னும் அளவுக்கு) மாறிய அன்றே வரைபடம் சிவந்தது (மேலாளருக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு கதை). தவறு கருவியுடையதன்று, கேள்வியைத் தவறாகக் கேட்ட எங்களுடையது.

முடித்த பணிகளின் எண்ணிக்கையைக் காட்டிய கட்டத்தையும் நீக்கிவிட்டோம். அளவீடே இலக்கானால் அது நல்ல அளவீடாக நீடிக்காது என்னும் கருத்து, பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. எங்கள் குழுவிலோ ஒரே வேலையை மூன்றாக உடைத்துக் கணக்குக் காட்டும் பழக்கமாக அது வந்து சேர்ந்திருந்தது.

மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட்ட முதல் அரைமணி நேரத்தில், பிழை விகிதத்தைப் பார்த்துப் பழைய பதிப்புக்குத் திரும்புவதா என்று முடிவெடுக்க அத்திரையை இன்றும் நம்புகிறோம்.