பாகு ஆறும் நேரத்தில் கேட்ட கதை

விடுமுறைக்குக் குடும்பம் கூடும்போது பெரியவர்களிடம் சமையல் குறிப்பு கேட்டிருக்கிறீர்களா? "அளவெல்லாம் எதுக்கு, கண்ணால பார்த்துப் போடு" என்பார்கள். எங்கள் பெரியம்மாவும் அப்படித்தான். பண்டிகைக்கு அவர் கிளறும் பால் இனிப்பை எழுதி வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. கேட்டு வாங்க முடியாததால், இந்த விடுமுறையில் பக்கத்திலேயே நின்று எழுதினேன்.

சர்க்கரை டப்பாவை அப்படியே சமையலறைத் தராசின் மேல் வைத்துவிட்டேன். அவர் அள்ளும் முன் ஓர் எடை, அள்ளிய பின் ஓர் எடை, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டேன். வெண்ணெய்க்கும் அப்படியே. "கொஞ்சம் நில்லுங்க பெரியம்மா" என்று சொல்லவே தேவைப்படவில்லை, அவர் கை அதன் போக்கில் போனது. பால் அளக்கும் பழைய டம்ளரில் தண்ணீர் நிரப்பி எடை போட்டேன். தண்ணீர் ஒரு மில்லி ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால் டம்ளரின் கொள்ளளவு தெரிந்துவிட்டது. 'ஒரு கப்' என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி, வீட்டில் இருப்பது இரண்டுமே இல்லாமல் இருக்கலாம்.

சரி, அளவு: சர்க்கரை 450 கிராம், பால் 300 மில்லி, வெண்ணெய் 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பாத்திரம் அடிகனமாகவும் நல்ல உயரமாகவும் இருக்கட்டும், பொங்கும். சர்க்கரை முழுதும் கரையும்வரை சிறு தீ. அப்புறம் கொதிக்கவிட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பெரியம்மா ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். மெத்தென்று உருண்டை பிடித்தால் பதம். அந்த நேரத்தில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், 115 டிகிரி செல்சியஸ்.

இறக்கிய பிறகு பாத்திரத்தை யாரும் தொடக் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல சூட்டில் கிளறினால் சர்க்கரைப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து இனிப்பு நறநறவென்று ஆகிவிடும். 45, 50 டிகிரிக்கு ஆறிய பிறகு கிளறினால் மிக நுண்ணிய படிகங்கள் ஏராளமாக ஒரே சமயத்தில் உண்டாகும். வாயில் வழுக்கிக்கொண்டு கரையும். பளபளப்பு மங்கும்வரை கை வலிக்கக் கிளறி, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டிச் சமன்செய்தால் முடிந்தது.

அந்த ஆறும் நேரத்தில் செய்ய வேலை எதுவும் இருக்காது, அடுப்பங்கரையை விட்டுப் போகவும் மனம் வராது. அப்போதுதான் பெரியம்மா தானாகவே பேச ஆரம்பித்தார். தாத்தா இறந்த ஆண்டு யாருக்கும் பண்டிகை நினைப்பே இல்லையாம். சாயங்காலம் பாட்டி எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார். "பிள்ளைங்க வாசனைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்" என்று மட்டும் சொன்னாராம். பாதி கிளறும்போதே அழுகை வந்து கை நின்றுவிட்டது. பெரியம்மா ஒன்றும் பேசாமல் கரண்டியை வாங்கிக் கிளறி முடித்தார். அடுத்த ஆண்டிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. இத்தனை ஆண்டுகளாக அதைச் சாப்பிடுகிறோம், அது அவர் கைக்கு வந்த விதம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேள்வி கேட்டிருந்தால் இது வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வாசனையும் பேச வைத்திருக்கும். மற்ற புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போகிறது. வாசனையோ நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகவே போய்ச் சேர்கிறது.

இன்னொன்று, தூரத்தில் இருப்பவர்களுக்குக் குறிப்பு அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது. அக்கா இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில். 115 டிகிரிவரை காய்ச்சியதும் அவளுக்குக் கல்லாக இறுகிவிட்டது. பெரியம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணியில விட்டுப் பார்த்தியா?" மறுபடி செய்தபோது, உருண்டை பிடித்த நேரத்தில் வெப்பமானி காட்டியது 110. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும், பாகுக்கும் அதே கணக்குதான். தண்ணீரில் விடும் சொட்டு பாகின் திடத்தையே நேராகக் காட்டுவதால் எந்த உயரத்திலும் பொய் சொல்லாது. அதனால் குறிப்பேட்டில் டிகிரியையும் விரலில் தெரியும் பதத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், கீழே பாட்டியின் கதையையும்.

உங்கள் வீட்டில் கண்ணளவில் செய்பவர் யார், அவரிடம் எப்படி அளவு பிடித்தீர்கள், கூடவே என்ன கதை வந்தது? எழுதுங்கள். காற்றில் ஈரம் கூடிய நாட்களில் பாகு இனிப்பு பிசுபிசுக்காமல் வைக்க உங்கள் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்றும் சொல்லுங்கள். பெரியம்மாவே கேட்கச் சொன்னார்.