மறு: கப்பியின் வயிற்றுப் புள்ளிக்குத் தமிழ்ச் சொல்: கருப்புள்ளியா, சினைப்பொட்டா?

வணக்கம். தொட்டியில் வளர்க்கும் சின்ன மீனான கப்பியில், பெண் மீனின் வயிற்றில் தெரியும் புள்ளியைத்தான் ஆங்கிலத்தில் 'கிராவிட் ஸ்பாட்' என்கிறார்கள். நம் மீன் வளர்ப்புச் சொற்பட்டியலுக்கு அதன் தமிழ்ப் பெயர் என்ன என்பதுதான் பேச்சு.

> கிராவிட் ஸ்பாட் என்பதற்குக் 'கருப்புள்ளி' போதுமே ஐயா. கரு இருக்கும் இடத்துப் புள்ளி, பொருள் நேராக வருகிறது.

வருகிறது, ஆனால் கூடவே கறுப்பு நிறமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மீன் வளர்ப்பில் இது சின்னக் குழப்பம் இல்லை. ஒட்டுண்ணிப் புழுவின் இளநிலை தோலுக்குள் தங்குவதால் மீன்களுக்குக் கரும்புள்ளி நோய் வருவதுண்டு. புதிதாக வளர்ப்பவர் பெண் கப்பியின் வயிற்றைப் பார்த்து நோய் என்று பயந்து தொட்டியில் மருந்து ஊற்றிவிடக் கூடாது. தவிர, அந்தப் புள்ளி எல்லா மீனிலும் கறுப்பும் அல்ல. குதத் துடுப்புக்குச் சற்று முன்னால் வயிற்றுத் தோல் மெலிந்து விரியும்போது உள்ளே இருப்பது நிழலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வெளிர்நிற வகைகளில் அது ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், கறுப்பு மோலி மீனில் கண்ணுக்கே அகப்படாது.

அதனால் என் பரிந்துரை சினைப்பொட்டு. மீனின் முட்டைத் திரளையும் சினை என்கிறோம், கருவுற்ற மாட்டையும் சினைமாடு என்கிறோம். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவை: முட்டை தாயின் உடலுக்குள்ளேயே தங்கி, கரு பெரும்பாலும் தன் மஞ்சள்கருவைக் கொண்டே வளர்ந்து, நீந்தத் தெரிந்த குஞ்சாக வெளியே வருகிறது. இரண்டு பொருளும் ஏற்கெனவே ஒரே சொல்லில் இருக்கும்போது வேறு எதைத் தேட வேண்டும்?

> சினை இல்லாதபோதும் அந்தப் புள்ளி மங்கலாகத் தெரிகிறதே?

சரியான கேள்வி. வளர்ந்த பெண் மீனில் ஈன்ற பிறகும் அது லேசாக இருக்கும். பொட்டு என்பது இடத்தின் பெயர் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. கவனிக்க வேண்டியது பொட்டு இருக்கிறதா என்பதை அல்ல, அது பெரிதாகி அடர்கிறதா என்பதை. அதோடு வயிற்றின் முன்பக்கம் செங்குத்தாக இறங்கிச் சதுரம் போல ஆகிவிட்டால் ஈனும் நேரம் நெருங்கிவிட்டது. வெளிர்நிற மீன்களில் குஞ்சுகளின் கண்கள்கூட உள்ளே தெரியும்.

அப்புறம், ஒரு தடவை போடும் குஞ்சுகளுக்கு 'பேட்ச்' என்றே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் ஈனுதலைக் குறிக்கும் தலையீற்று என்ற சொல் மாடு வளர்ப்பவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது, ஈற்று என்றே எழுதலாமே. தனியாக எழுதினால் 'கடைசி' என்ற பொருளோடு மயங்கலாம். தலையீற்று, இரண்டாம் ஈற்று என்று எண்ணோடு வரும்போது மயக்கம் இல்லை. இந்தச் சொல் நமக்கு அவசியம் தேவை, ஏனென்றால் பெண் கப்பி ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைக்கும், ஆணைப் பிரித்த பின்னும் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும். "ஒரே சேர்க்கையில் பல ஈற்று" என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். குறிப்பிட்ட ஆணின் நிறம் குஞ்சுகளில் வரவேண்டும் என்று வளர்ப்பவர்கள் கன்னி மீனையே தேர்வு செய்வதும் இதனால்தான்.

ஈனப்போகும் மீனைத் தனியே விடும் பிரீடிங் பாக்ஸுக்குச் 'சினைப்பெட்டி' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு 'ஈனில்' (ஈனும் இல்) என்ற சொல் பிடிக்கிறது. சூல் முதிர்ந்த பேடைக்கு ஆண் குருவி கட்டும் கூட்டைச் சங்கப் பாட்டு அப்படித்தான் சொல்கிறது. தாயே குஞ்சுகளைத் தின்றுவிடாமல் காப்பதற்கான இடம், பெயர் பொருந்துகிறது. ஆனால் சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது பிளாஸ்டிக் பெட்டியோடு நிறுத்திவிட வேண்டாம். சின்னப் பெட்டிக்குள் தாயை நாள்கணக்கில் அடைத்தால் மீன் மிரண்டுபோகும், குறைமாதக் குஞ்சுகளும் விழலாம். தொட்டி மூலையில் அடர்த்தியாக வளரவிட்ட ஜாவா பாசியும் ஈனில்தான், குஞ்சுகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும், பாசியில் இருக்கும் நுண்ணுயிரிகள் அவற்றுக்கு இரையும் ஆகும்.

சினைப்பொட்டு பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. ஈற்று, ஈனில் இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் சேர்க்கும் முன் பேசிவிடலாம்.