கிரீஸ் அடித்த பிறகு மோட்டார் பேரிங் சூடாகிறது

கேள்வி:
மில்லில் ஒரு புளோயர் மோட்டார், 6308 பேரிங். சத்தம் வருகிறதே என்று கிரீஸ் கன் வைத்து நன்றாக அடித்தோம், சத்தம் அடங்கியது, ஆனால் இப்போது கை வைக்க முடியாத சூடு. பேரிங்கை மாற்றிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. 6308 பேரிங்கின் வெளிவிட்டம் 90, அகலம் 23 மி.மீ.; இரண்டையும் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் அடிக்க வேண்டிய கிரீஸ் சுமார் 10 கிராம்தான் வரும். அதற்கு மேல் திணித்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடு அதனால்தான். டிரெயின் பிளக்கைக் கழற்றி ஓடவிடுங்கள், மிச்சம் வெளியேறட்டும்.

பதில் 2:
அதோடு பழைய கிரீஸ் என்ன வகை? லித்தியமும் பாலியூரியாவும் கலந்தால் இளகி ஒழுகிவிடலாம். அப்படியென்றால் கழுவிப் புதிதாகப் போடுங்கள்.

பதில் 3:
மோட்டார் வி.எஃப்.டி.யில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு டிரைவ்) ஓடுகிறதா? கழற்றினால் வெளி ரேஸைப் (குண்டுகள் உருளும் வெளி வளையம்) பாருங்கள், குறுக்கே வரிவரியாக இருந்தால் ஷாஃப்ட் வழியாக பேரிங்கில் மின்சாரம் பாய்கிறது, எத்தனை பேரிங் மாற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.