பிஎம்டபிள்யூ எஃப்30: பிரேக் சென்சார் எதை வாங்குவது?

கேள்வி:
என் கார் எஃப்30 தலைமுறை 3 சீரிஸ், 320டி, 2014 மாடல். முன் பிரேக் பேட் மாற்றப் போகிறேன், எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. பேட் தேய்ந்ததை அறிவிக்கும் சென்சார் கேட்டால், கடையில் இரண்டு விதம் காட்டுகிறார்கள். நான்கு வீலுக்கும் வாங்கணுமா?

பதில் 1:
வேண்டாம் சார். இந்த வண்டியில் மொத்தமே இரண்டுதான்: முன் இடது, பின் வலது. இரண்டும் உள்பக்க பேடில் செருகியிருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சேராது. சேசிஸ் நம்பரின் கடைசி 7 எழுத்துகளைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். எம் ஸ்போர்ட் பிரேக் (பெரிய அளவு பிரேக்) என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

பதில் 2:
எச்சரிக்கை விளக்கு வந்துவிட்டதால் பழைய சென்சாரைத் திரும்பப் போட முடியாது. அதன் முனைக்குள் ஓடும் கம்பி பேடோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுசு போடும்போது வயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள். தொங்கவிட்டால் டயரிலோ டிஸ்கிலோ உரசி அறுந்து, புது பேடிலும் விளக்கு எரியும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் இழுபடுகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள்.

பதில் 3:
கடைசியாக, எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷன் மட்டும் போட்டு, சர்வீஸ் மெனுவில் முன் பிரேக்கை ரீசெட் செய்யுங்கள். ரீசெட் ஏற்கவில்லையென்றால் முதலில் கனெக்டர் முழுசாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.